புலியஞ்சேரி ஏரித் தண்ணீர்

செம்பியன் போனில் சொன்னது அன்புச்செல்விக்கு முதலில் சரியாகக் கேட்கவில்லை. இங்கே கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே அவனுடைய ஜேசிபி உறுமிக்கொண்டிருந்தது. இரண்டு சத்தத்துக்கும் நடுவில் அவன் குரல் வந்து வந்து போயிற்று.

“கயல தூக்கிக்கினு திருவான்மியூர் போயிடு. எங்கக்கா வூட்டுக்கு. இப்பவே கெளம்பு.”

“இன்னாத்துக்கு மாமா?”

“ஏரிக்கரைய வெட்டச் சொல்லிட்டாங்க. நான்தான் வெட்டப் போறேன்.”

அவள் கணவன் செம்பியன் கிண்டியில் ஒருவரிடம் ஜேசிபி ஓட்டுகிறவன். மழை வலுத்த அன்றே முதலாளி அவனை வண்டியோடு தாம்பரத்துக்கு அப்பால் இருக்கும் புலியஞ்சேரிக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒரு ஏரி. பெரிய ஏரி என்று சொல்ல முடியாது. மழைக்காலத்தில் மேட்டிலிருந்து வரும் ஓடைகளை மறித்துப் பிடித்து வைத்துக்கொண்டு, கோடையில் வயலுக்கும் மாடு கன்றுக்கும் தண்ணீர் கொடுக்கிற மண்கரை ஏரி. கரை நெடுகப் பனைமரம். நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்கு ஓரத்தில் கல்லால் கட்டிய கலங்கல். வயலுக்குத் திறந்துவிட ஒரு மதகு. “மண்ணக் குவிச்சி வச்சிகீறாங்க, அவ்ளோதான். அதுக்குப் பின்னாடி அம்மாந்தண்ணி நிக்குது” என்று போன அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான்.

இன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

“கலங்கல் வழியா போறது பத்தல அன்பு. தண்ணி கரை மேல ஏறுது. கலங்கல் பக்கத்துல வெட்டி வுட்டா கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். அது பரவால்ல. வெட்டறதுக்குள்ள கரையே புட்டுக்கிச்சின்னா, கீழ கீற ரெண்டு ஏரியும் சேந்து புட்டுக்கும். அம்மாந்தண்ணியும் ஆத்துலதான் வந்து வுயும்.”

ஆறு என்று அவன் சொன்னது அடையாற்றை. அது அன்புச்செல்வியின் வீட்டுப் பின்சுவரை ஒட்டித்தான் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பாத்திரம் கழுவப் போனபோது, வழக்கமாக அவள் உட்காரும் கருங்கல் தண்ணீருக்குள் போயிருந்தது.

“எப்ப வரும்?”

“வெட்டுனா ராத்திரிக்கு மேல கொஞ்சம் ஏறும். புட்டுக்கினா பொழுது சாயறதுக்குள்ள வந்துரும்.”

“தெருவுல சொல்லட்டா?”

யாரோ தூரத்தில் அவனை அதட்டிக் கூப்பிட்டார்கள்.

“வேணாம். யாராண்டையும் சொல்லக்கூடாதுன்னு ஆபீசர் சொல்லிகீறாரு. அவங்களே மைக்கு கட்டி வந்து சொல்லுவாங்க. நீ வாயத் தொறந்தா நான்தான் வெட்டனன்னு தெரிஞ்சிடும். அப்பால அந்தச் சந்துல நம்மள இருக்க வுட மாட்டாங்க. நீ போயிடு. கொயந்தய எடுத்துக்கினு போயிடு.”

இணைப்பு அறுந்தது. அன்புச்செல்வி பின்கதவைத் திறந்து பார்த்தாள். ஆறு தேநீர் நிறத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு முழு வாழைமரம் குலையோடு உருண்டு உருண்டு போயிற்று. அடையாற்றங்கரையில் ஏது வாழைத்தோப்பு. எந்த ஊரிலிருந்தோ வந்த மரம் அது. அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

அவள் இதே கெங்கையம்மன் கோயில் சந்தில் பிறந்து வளர்ந்தவள். இரண்டாயிரத்துப் பதினைந்தில் வெள்ளம் வந்தபோது கல்யாணமாகாத பெண். அந்த வெள்ளத்தில் அவள் மனதில் தங்கிவிட்டது தண்ணீர் இல்லை, ஒரு சத்தம்தான். இருட்டில், வீட்டுக்குள்ளே, பாத்திரங்கள் மிதந்து ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம். யாரோ ஒருவர் அடுப்படியில் நிதானமாகச் சமைத்துக்கொண்டிருப்பது போலிருந்தது. இன்றும் பக்கத்து வீட்டில் தட்டு விழுந்தால் அவளுக்கு உடம்பு தூக்கிப் போடும். அன்றைக்கு அவள் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு நீந்தியதால் பிழைத்தாள். இப்போது அவள் இடுப்பில் நாலு வயசுக் கயல் இருந்தாள்.

குழந்தையின் இரண்டு உடுப்பு, ஆதார் அட்டைகள் வைத்திருந்த பிளாஸ்டிக் உறை, ஒரு சால்வை. பையில் போட்டுக்கொண்டு, கயலின் தலையில் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துப் புறப்பட்டுவிட்டாள். கதவைப் பூட்டும்போது சாவி இரண்டு தரம் கீழே விழுந்தது.

மூன்றாவது வீட்டு வாசலில் சகினா நின்றிருந்தாள். வீட்டில் இருந்தபடியே சேலைக்கு ஜரிகை வேலை செய்கிறவள். வாசலில் தேங்கிய தண்ணீரை முறத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“மய்யில கொயந்தயத் தூக்கிக்கினு எங்க போற?”

“அண்ணி வூட்டுக்கு. திருவான்மியூரு.”

“போயிட்டு வா. வரும்போது மருந்துக்கடை தொறந்திருந்தா பாய்க்கு கட்டுத்துணி ஒரு சுருளு வாங்கியா. இருந்தது ஆயிடுச்சி.”

உள்ளே கட்டிலில் அவள் கணவர் ஷரீஃப் பாய் படுத்திருந்தார். சர்க்கரை வியாதியில் வலது பாதத்தை எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்புச்செல்வியைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். அவள் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். சந்தைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வருகிற வரை திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் வந்தது. திருவான்மியூர் போகிற பஸ்தான், கூட்டமும் இல்லை. படியில் ஒரு காலை வைத்தாள். கண்டக்டர், “ஏறும்மா, நனையுது பாரு கொயந்த” என்றார். ஏறினால் முடிந்தது. அண்ணி சூடாகக் காபி கொடுப்பாள். கயலுக்குத் தலை துவட்டலாம். அப்புறம் சாயங்காலம் டிவியைப் போடுவார்கள். டிவியில் கெங்கையம்மன் கோயில் சந்தைக் காட்டுவார்கள். அந்தக் கட்டிலில் கிடந்த மனிதர் தன்னைப் பார்த்துக் கையைத் தூக்கியது அப்போது அவளுக்கு ஞாபகம் வரும்.

காலை எடுத்துவிட்டாள். கண்டக்டர் ஏதோ முணுமுணுத்துவிட்டு விசில் ஊதினார்.

தைரியம் வந்து அவள் திரும்பவில்லை. திரும்பி நடக்கும்போது முன்பைவிடப் பயமாக இருந்தது. இப்போது ஆற்றை நினைத்து ஒரு பயம், தெருவை நினைத்து இன்னொரு பயம்.

சந்து முனையில் ஆரோக்கியமேரி மீன் வண்டியைத் தார்ப்பாயால் மூடிக் கட்டிக்கொண்டிருந்தாள். சாந்தோமிலிருந்து மீன் எடுத்து வந்து விற்கிறவள். ஆற்றை ஒட்டிய கடைசி வரிசையில் அவள் வீடு. அவளிடம்தான் அன்புச்செல்வி முதலில் சொன்னாள்.

“அக்கா, எல்லாரும் ஸ்கூலுக்குப் போயிடலாம். பெரிய தண்ணி வருதாம். டிவில சொல்றாங்க.”

ஆரோக்கியமேரி கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். “எந்த டிவில? காலைலேர்ந்து கரண்டு இல்ல.”

அன்புச்செல்வி கயலை மறு இடுப்புக்கு மாற்றினாள். அதற்குள் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். யார் போய்ச் சொன்னார்களோ, அசோகன் குடையும் கையுமாக வந்து சேர்ந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர். சந்துக்கு எதுவானாலும் ஆபீசில் போய்ப் பேசுகிற ஆள்.

“இன்னா அன்பு, யாரு சொன்னது தண்ணி வருதுன்னு?”

“சொல்றாங்கண்ணா. போயிடலாம்ணா.”

“சொல்றாங்கன்னா யாரு?” அவர் கோபமாகக் கேட்கவில்லை. பொறுமையாகத்தான் கேட்டார். “போன தபா தண்ணி வந்தப்ப எல்லாரும் கெளம்பிப் போனோம். திரும்பி வந்து பாத்தா கதவுல கதவுல நம்பர் எயுதி வச்சிகீறாங்க. பாதி சந்த லாரியில ஏத்தி ஊருக்கு வெளிய ஆறாவது மாடியில கொண்டுபோய் வுட்டாங்க. என் தம்பி அங்கதான் கீறான். வேலைக்கு வரணும்னா விடியறதுக்கு முன்ன பஸ் ஏறணும் அவன். காலி வூட்டப் பாத்தா அவங்களுக்கு எடுத்துக்கத் தோணும். மைக்கு கட்டி சொல்லட்டும், அப்பால பாக்கலாம்.”

கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அன்புச்செல்விக்கும் அந்தப் பயம் உண்டு. இந்தச் சந்தில் எல்லோருக்கும் இரவில் படுக்கும்போது அந்தப் பயம் உண்டு.

ஒருவர் இருவராகத் திரும்பிப் போகத் தொடங்கினார்கள். கயல் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “பஸ்ஸுல போலியாம்மா?” என்று கேட்டாள்.

“எங்க வூட்டுக்காரரு சொன்னாரு.” அன்புச்செல்விக்குத் தன் குரல் யாருடையதோ போலக் கேட்டது. “அவருதான் அங்க கீறாரு. புலியஞ்சேரி ஏரிக்கரைய வெட்டறாங்க. அவருதான் வெட்டறாரு. வெட்டறதுக்குள்ள ஒடஞ்சா சாயங்காலத்துக்குள்ள இங்க வந்துரும்னு சொன்னாரு.”

போனவர்கள் நின்றார்கள்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் சொன்னது: “அவன் வெட்டி வுடுவான், நாம முங்கிச் சாவணுமா? அவன் பொண்டாட்டி மட்டும் மூட்ட கட்டிக்கினு கெளம்பிட்டா.”

அன்புச்செல்வி தோளில் தொங்கிய பையை மறைக்கப் பார்த்தாள். மறைக்க எங்கே இடம்? “கெளம்பிட்டேன்தான்” என்றாள். “பஸ் ஸ்டாண்டு வரிக்கும் போயிட்டேன்.”

அசோகன் அவள் முகத்தையே பார்த்தார். “போன் போடு அவனுக்கு. எல்லாரும் கேக்கற மாதிரி ஸ்பீக்கர்ல போடு.”

போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டானோ என்று இருந்தது அவளுக்கு. எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்றும் இருந்தது. தன் பேச்சை மீறியவளிடம் அவன் என்ன சொல்வான்?

“அக்கா வூட்டுக்குப் போயிட்டியா?” என்றான் செம்பியன். இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசினான்.

“செம்பியா, நான் அசோகன் பேசறேன். இன்னா நடக்குது அங்க?”

“சொல்லிட்டாளா” என்றான் அவன். கோபம் இல்லை. களைத்த குரல். “அண்ணா, வெட்டிக்கினு கீறேன். முழங்கால் ஆழத்துக்குத் தண்ணி எறங்கிகீது. ஆனா மதகாண்ட கரை கசியுதுண்ணா. ஊர்க்காரங்க மணல் மூட்ட போட்டுக்கினே கீறாங்க, நிக்கல. தண்ணி தெளிவா இல்ல. மண்ண அரிச்சிக்கினு வருது. நீ எல்லாரயும் கூட்டிக்கினு போயிடுண்ணா. பாய நடக்கவெக்க முடியாது, அவர…”

அதற்குப் பிறகு வந்தது பேச்சு இல்லை. பல பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். “எறங்கு, எறங்கு, பின்னாடி போவுது” என்று ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. அதற்கு அடியில் வேறொரு சத்தம் எழுந்தது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஆரம்பித்து, நிற்காமல் பெருகிக்கொண்டே போன சத்தம். இயந்திர இரைச்சல் திடீரென்று நின்றது. செம்பியன் ஏதோ சொன்னான். “அன்பு” என்றுதான் அவளுக்குக் கேட்டது. மற்றவர்களுக்கு அப்படிக் கேட்கவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

போன் ஊமையாகிவிட்டது.

அசோகன் அவள் கையில் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“கெளம்புங்க” என்றார் மெதுவாக. அப்புறம் சந்துக்குள் ஓடினார். ஒவ்வொரு கதவாகக் கையால் அறைந்துகொண்டே ஓடினார். “கெளம்பு, கெளம்பு, சாமான எடுக்காத, ஆளு வா.”

அதற்குப் பின் நடந்தவை எல்லாம் அன்புச்செல்விக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன. கால்கள் ஓடின, கைகள் வேலை செய்தன. மனசு மட்டும் அந்தச் சத்தத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. செத்துப்போயிருப்பான் என்ற நினைப்பு வந்ததும் அதை உதறிவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவாள். அந்த வீட்டு ஆட்கள் வெளியே வருவதற்குள் மறுபடி அதே நினைப்பு வந்துவிடும்.

ஷரீஃப் பாயைத் தூக்க நாலு பேர் வந்தார்கள். சந்து குறுகல், கட்டிலோடு திரும்ப முடியவில்லை. ஆரோக்கியமேரி தார்ப்பாயைப் பிய்த்தெறிந்து மீன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பாயை அதில் உட்கார வைத்தார்கள். வெட்டின கால் நனையாமல் சகினா பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டினாள்.

“மேரிம்மா, போற வழில யாராவது வெல கேட்டா குடுத்துடாத” என்றார் பாய். அவர் உதடு வெளுத்திருந்தது. ஆரோக்கியமேரி சிரிக்கவில்லை. “வாய மூடிக்கினு கம்பியப் புடி பாய்” என்று சொல்லித் தள்ளினாள்.

மெயின் ரோட்டைக் கடக்கும்போதுதான் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு அரசு ஆட்கள் எதிரே வந்தார்கள். கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொண்டார்கள். அப்போது பாதிச் சந்து பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

பள்ளிக்கூடம் மூன்று மாடி. மேல் வகுப்பறைகளில் பெஞ்சுகளைத் தள்ளிப்போட்டு இடம் பிடித்தார்கள். அன்புச்செல்வி ஒரு மூலையில் சால்வையை விரித்துக் கயலை உட்கார வைத்தாள். அவளைச் சுற்றி இரண்டு பேர் படுக்கிற அளவுக்கு இடம் காலியாகவே கிடந்தது. மற்ற இடமெல்லாம் ஆள்மேல் ஆளாக நெருக்கியடித்தது. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை.

சகினா ஷரீஃப் பாயைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தன் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வந்து அந்தக் காலியிடத்தில் போட்டாள். “கொயந்தயக் குடு. நீ போய்ப் போன் போடு” என்றாள்.

தாழ்வாரத்தில் நின்று போட்டுக்கொண்டே இருந்தாள். நீங்கள் அழைத்த எண் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது என்று ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். அண்ணிக்குப் போட்டாள், மணியே அடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் குரலும் நின்றுவிட்டது. எல்லோருடைய போனிலும் சிக்னல் போய்விட்டது.

தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஆறு தெரியும், சந்தின் கடைசி வரிசைக் கூரைகளும் தெரியும். வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது எல்லோரும் அங்கே வந்து நின்றார்கள். அலை மாதிரி எதுவோ சுருட்டிக்கொண்டு வரும் என்று அன்புச்செல்வி நினைத்திருந்தாள். அப்படி வரவில்லை. அதுவரை சுழித்துக்கொண்டும் சத்தம் போட்டுக்கொண்டும் ஓடிய ஆறு அடங்கி வழவழவென்று ஆனது. அப்புறம் அகலமாயிற்று. படித்துறை இல்லை. குப்பைத்தொட்டி இல்லை. அசோகனின் ஆட்டோ நிற்கும் வேப்பமரத்தடி இல்லை. யாரும் அவசரப்படாதது போல, ஒவ்வொன்றாக, சத்தமே இல்லாமல் மறைந்தன.

ஆரோக்கியமேரியின் தகரக் கூரை ஒரு பக்கமாக எழும்பியது. புத்தகத்தை மூடுவது போலச் சாய்ந்து படுத்தது. பிறகு அங்கே தண்ணீர் மட்டும்தான் இருந்தது. அவள் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அழவில்லை. “அங்கதான் படுத்திருப்பேன்” என்றாள் யாரிடமோ.

அசோகன் எங்கே என்று அப்போதுதான் யாரோ கேட்டார்கள். எல்லோரையும் அனுப்பிவிட்டு, காலி வீடுகளுக்குக் காவலாக இன்னும் இரண்டு பேரோடு கெங்கையம்மன் கோயில் மொட்டைத்தளத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாராம். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். தளத்தில் ஒரு டார்ச் வெளிச்சம் அசைவது தெரிந்தது. அது அசைகிற வரைக்கும் பரவாயில்லை என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்புச்செல்விக்குப் பார்ப்பதற்கு அப்படி ஒரு டார்ச் வெளிச்சமும் இல்லை. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவனைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. ஒருவேளை அவனையும் சேர்த்துக் கொண்டுவந்திருக்குமோ, இந்த இருட்டில் இப்போது பாலத்துக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறானோ என்று நினைத்தாள். சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

கயல் வந்து மடியில் ஏறிக்கொண்டாள். “அப்பா ஏரியிலயா கீறாரு?”

“ஆமா.”

“நீச்சல் தெரியுமா அப்பாவுக்கு?”

தெரியாது. செம்பியனுக்கு நீச்சல் தெரியாது. பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனால்கூட முழங்காலுக்கு மேல் அலை வந்தால் பின்வாங்குகிறவன். “தெரியும்” என்றாள் அன்புச்செல்வி.

மறுநாள் காலை தீயணைப்புப் படகு வந்து அசோகனையும் மற்ற இருவரையும் இறக்கிக்கொண்டு வந்தது. விறைத்துப்போயிருந்தார். பள்ளிக்குள் வந்ததும் அன்புச்செல்வியைத் தேடி வந்து எதிரில் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். “செம்பியன்…” என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கி வந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அவள் அதைப் பிரிக்கவில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது சகினாதான் முதலில் பார்த்தாள். பள்ளிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நின்றிருந்தான். தலை முதல் கால் வரை காய்ந்த சேறு, ஒரு காலில் மட்டும் செருப்பு. உள்ளே இருக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பிச்சைக்காரன் என்று நினைத்தாளாம். பிறகு, “யா அல்லா” என்று கத்திக்கொண்டே மாடிப்படி ஏறினாள்.

அன்புச்செல்வி இறங்கி ஓடி வந்தாள். அவள் பக்கத்தில் வந்ததும் செம்பியன், “இன்னா சொன்னேன் உன்னாண்ட?” என்று கத்தினான். “எங்க போவச் சொன்னேன் உன்ன? அக்கா வூட்டுக்குப் போனா வரவேயில்லன்றாங்க. ரெண்டு ஸ்கூலு, ஒரு கல்யாண மண்டபம் தேடிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு…” கேட்டருகிலேயே, சேற்றுத் தரையில், அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவள் அவன் எதிரில் உட்கார்ந்து, முந்தானை நுனியை எச்சில் தொட்டு, அவன் காதுக்குள் அடைத்திருந்த சேற்றைத் துடைக்க ஆரம்பித்தாள். ஒரு காதை முடித்துவிட்டு மறு காதுக்குப் போனாள்.

நடந்ததை அன்று மாலைதான் சொன்னான். மதகுப் பக்கம் கரை உள்ளே இறங்கியதும் வண்டி பின்சக்கரத்தோடு சரிந்தது. போன் கையிலிருந்து தெறித்தது. கேபினிலிருந்து குதித்தவன் ஒரு பனைமரத்தைக் கட்டிக்கொண்டான். மரத்தின் அடி மண் கரைந்து போய்க்கொண்டே இருந்ததாம். மரம் சாய்வதற்குள் ஊர்க்காரர்கள் கயிறு வீசி இழுத்துவிட்டார்கள். அவனுக்கு அவள் நம்பர் மனப்பாடமாகத் தெரியாது. யாரிடமாவது போன் வாங்கினாலும் யாருக்குப் போடுவது? விடிந்ததும் பால் வண்டியில் தாம்பரம் வரை வந்து, அங்கிருந்து நடந்தே வந்திருந்தான்.

தண்ணீர் வடிய நாலைந்து நாள் ஆயிற்று. சந்தில் ஆள் சேதம் இல்லை. கடைசி வரிசையில் வீடுகள் இல்லை. அன்புச்செல்வியின் வீடு நின்றது. சுவரில் அலமாரி உயரத்துக்குச் சேற்றுக்கோடு, உள்ளே முழங்காலளவு சேறு. நம்பர் எழுத இன்னும் யாரும் வரவில்லை. வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அசோகன் தினமும் ஆபீசுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். செம்பியனிடம் சிலர் பேசினார்கள். சிலர் எதிரே வந்தால் சந்தின் மறுபக்கம் பார்த்தார்கள்.

ஒரு காலை அவனும் அன்புச்செல்வியும் வீட்டுச் சேற்றைத் தட்டால் வாரிக்கொண்டிருந்தபோது, ஆரோக்கியமேரி வாசலில் வந்து நின்றாள். பள்ளியிலேயே தங்கியிருந்தாள் இன்னும். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

“செம்பியா, ஒண்ணு கேக்கறேன். மனசுல வச்சிக்காம சொல்லு. நீ வெட்டாம இருந்தா என் வூடு இருந்திருக்குமா?”

அன்புச்செல்வி, அவன் சமாதானமாக எதையாவது சொல்லிவிட மாட்டானா என்று பார்த்தாள். செம்பியன் தட்டைக் கீழே வைத்தான்.

“தெர்லக்கா. நான் வெட்டுனதுல கொஞ்சம் எறங்கிச்சி. எறங்காம ஒடஞ்சிருந்தா கீழ கீற ரெண்டு ஏரியும் போயிருக்கும்னு ஆபீசர் சொல்றாரு. அது ரெண்டும் நின்னுச்சி. வெட்டனதால கரை அதிர்ந்து மதகாண்ட புட்டுக்கிச்சின்னு ஊர்க்காரங்க சில பேர் சொல்றாங்க. எதுன்னு எனக்குத் தெர்ல. நானும் அதத்தான் நெனச்சிக்கினே கீறேன்.”

அன்புச்செல்வி பள்ளியிலிருந்து தூக்கில் கொண்டுவந்திருந்த டீயை டம்ளரில் ஊற்றி ஆரோக்கியமேரியிடம் நீட்டினாள். வாங்குவாளா என்று தெரியவில்லை. வாங்கினாள். நின்றபடியே குடித்தாள்.

“எங்க எடத்துல சேறு மலையாட்டம் கெடக்குது” என்றாள். “ஒன் வண்டியக் கொண்டாந்து தள்ளிக் குடு.”

“வண்டி இன்னும் ஏரிக்குள்ளதான் கீதுக்கா.”

“அப்ப மம்முட்டி எடுத்துக்கினு வா.”

டம்ளரைப் படியில் வைத்துவிட்டு நடந்தாள். செம்பியன் மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனான். அன்புச்செல்வி கயலைச் சகினாவிடம் விட்டுவிட்டு, சேறு வாரக் கூடையை எடுத்துக்கொண்டு ஆற்றோரத்துக்கு இறங்கினாள்.